மன்னார்க் கோட்டையில எந்த ராசாவும் படுத்தெழும்பேல்ல

கொஞ்சம் கோவத்தோடதான் எழுதுறன். குறை நினைக்காதேங்கோ.

சுவிஸில இருந்து பெரியம்மாட மகன் குடும்பத்தோட வந்து நிக்கிறார். அண்ணை தங்கமான மனுசன். சின்ன வயசில விடத்தல்தீவுக் கரையெல்லாம் வீச்சுவலையும் தோளுமாத் திரிஞ்சவர். ஆனா இப்ப ஒரு வருத்தம் பிடிச்சிருக்கு. இங்க எதைக் காட்டினாலும் உடன போனை எடுத்து அங்கத்தையான் ஒண்டைக் காட்டுவார். கட்டுக்கரைக் குளத்தைக் காட்டினன், லெமான் ஏரியக் காட்டினார். பாலாவியக் காட்டினன், அதுக்கும் லெமான் ஏரிதான். (அந்த ஏரி எந்தப் பக்கத்தால எடுத்தாலும் ஒரே மாதிரித்தான் கிடக்கு. அவரிட்டச் சொல்லேல்ல.)

போன கிழமை எல்லாருமா மன்னார் ரவுணுக்கு வெளிக்கிட்டம். பாப்பாமோட்டை, மாந்தை, தள்ளாடி தாண்டித் தாம்போதியால போய்ப் பாலம் ஏறி இறங்கினா, கடலேரிக் கரையோட கோட்டை.

அண்ணை கண்ணாடியால எட்டிப் பாத்தார்.

"உதும் ஒரு கோட்டையே?"

போன் வெளிய வந்திட்டுது. ஷியோன் கோட்டையாம். ஏரிக்குள்ள ஒரு பாறை, பாறைக்கு மேல கோட்டை, பின்னால பனிமலை. பின் சீற்றில இருந்த அவற்ற மகள் (பத்து வயசு, தமிழ் நல்லாக் கதைக்கும்) என்னைப் பாத்துக் கேட்டாள்: "சித்தப்பா, இதில எந்த ராஜா இருந்தவர்?"

"ஒரு ராசாவும் இருக்கேல்லையம்மா."

பிள்ளைட முகம் விழுந்திட்டுது. அண்ணைக்கு நல்ல சந்தோசம்.

அண்டைக்கு வாகனத்துக்குள்ள விளங்கப்படுத்த முடியேல்ல. முன்னால ஒரு கழுதைக் கூட்டம் றோட்டை மறிச்சுக்கொண்டு நிண்டது, பின்னால பஸ்காரன் கோண் அடிக்கிறான். அதால இங்க எழுதுறன். அண்ணையும் வாசிப்பார். வாசிக்கட்டும்.

முதல்ல ஷியோன். வடிவான கோட்டை, இல்லையெண்டு சொல்லேலாது. சவோய் பிரபுக்களிட்ட இருந்தது, 1536ல பேர்ண்காரர் பிடிச்சவை. நிலவறையில பொனிவார் எண்ட ஒரு ஆளை வருசக்கணக்கா அடைச்சு வைச்சிருந்தவை. 1816ல பைரன் எண்ட இங்கிலீசுக் கவிஞர் அந்தாளைப் பற்றி ஒரு கவிதை எழுதிவிட, உலகத்தில இருக்கிற சனமெல்லாம் அங்க படை எடுத்திட்டுது.

ஆனா அண்ணை போன்ல காட்டாத விசயம் ஒண்டு இருக்கு. மலைக்கும் ஏரிக்கும் நடுவில அந்த இடத்தில பாதை நல்லா ஒடுங்கிப் போகுது. இத்தாலிப் பக்கம் போற யாவாரி அதாலதான் போகோணும். அந்த ஒடுக்கத்தில குந்திக்கொண்டு போறவன் வாறவனிட்ட வரி வாங்கத்தான் கோட்டை. பிரபுக்கள் வந்து தங்கினது, சுவரில சித்திரம் கீறினது எல்லாம் அதுக்குப் பிறகுதான்.

இப்ப மன்னாருக்கு வாங்கோ.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில கடலெண்டு பேர்தான், திட்டுத் திட்டா மணல். பெரிய கப்பல் போகேலாது. யாழ்ப்பாணத்தில இருந்து கரையோட கொழும்புப் பக்கம் போற தோணிக்கு ரெண்டு வழிதான். ஒண்டில் பாம்பன் வாய்க்கால். இல்லாட்டி மன்னார்த் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில இருக்கிற ஒடுக்கம். பாம்பன் சேதுபதியிட கையில. மற்ற ஒடுக்கத்தில?

அதுக்குப் பக்கத்திலதான் எங்கட கோட்டை நிக்குது.

அண்ணை, உங்கட ஏரிக்கரைக் கோட்டை செய்த அதே வேலையத்தான் எங்கட கடலேரிக்கரைக் கோட்டையும் செய்தது. எங்கடையில பனிமலை இல்ல, அவ்வளவுதான்.

கதை தொடங்கினது ரத்தத்தில. 1544. முத்துக் குளிப்புக் கரையில பரவர் சனம் வேதத்துக்கு வந்து கொஞ்சக் காலம். சவேரியார் (பிரான்சிஸ் சேவியர்தான்) அனுப்பின ஒரு குருவானவர் மன்னாரிலயும் ஞானஸ்நானம் குடுக்கிறார். மன்னார் அப்ப யாழ்ப்பாண ராச்சியத்துக்குக் கீழ. பறங்கியன் (போர்த்துக்கேயன்தான்) சமயத்தால உள்ள வந்து, பிறகு வாளால நிலத்தைப் பிடிப்பான் எண்டு சங்கிலி ராசாவுக்குத் தெரியும். படையோட வந்தார். 600 பேருக்கு மேல வெட்டுப்பட்டதாச் சொல்லுறவை. தோட்டவெளியில வேதசாட்சிகளின்ர கோயில் இருக்கே, அது அவைக்குத்தான்.

சங்கிலி நினைச்சது பிழையில்ல. செய்தது கொடுமை. ரெண்டையும் சேர்த்துச் சொல்லோணும். எங்கட ஆக்கள் பாதிப்பேர் முதலாவதை மட்டும் சொல்லுவினம், மிச்சப் பாதி ரெண்டாவதை மட்டும்.

பதினாறு வருசம் கழிச்சு, 1560ல, கோவாவில இருந்து பறங்கியரின்ர ராசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தினோ த பிறகன்சா பெரிய படையோட வந்து நல்லூரைப் பிடிச்சார். பிடிச்சவரால வைச்சிருக்க முடியேல்ல, சனம் திருப்பி அடிச்சது. பின்வாங்கி வந்து மன்னாரில கோட்டையக் கட்டினார். நல்லூரில அகப்பட்ட கொள்ளைக்குள்ள ஒரு பல்லும் இருந்ததாம். புத்தரின்ர பல்லு எண்டு நினைச்சு (கண்டியில இருக்கிறதுதான் உண்மையான பல்லு எண்டு பௌத்த ஆக்கள் சொல்லுவினம்) கோவாவுக்குக் கொண்டு போனவை. பர்மாவில பெகு ராசா அதுக்கு அள்ளிக் குடுக்கத் தயார். ராசப்பிரதிநிதிக்கும் வாயூறிச்சுது. ஆனா கோவா மேற்றாணியார் விடேல்ல. உரலில போட்டு இடிச்சு, எரிச்சு, சாம்பலை ஆத்தில கரைச்சாச்சு. பறங்கியர் வரலாற்றில காசு வேண்டாமெண்டு விட்ட இடம் அதொண்டுதான் எண்டு நினைக்கிறன்.

சரி, கோட்டை.

கோட்டை கட்டினவை சும்மா இருக்கேல்ல. அந்தப் பக்கம் புன்னைக்காயலில வடுகப் படையின்ர தொல்லை. முத்துக் குளிக்கிற பரவர் சனத்தைக் குடும்பம் குடும்பமா ஏத்திக்கொண்டு வந்து மன்னாரில குடியிருத்தினவை. முத்துக்குளித்துறைக் கப்பித்தானும் தன்ர இருப்பிடத்தை இங்க மாத்தினார். தம்பிரான் வணக்கத்தை 1578ல அச்சில போட்டாரே அன்றீக்கு அடிகளார், அவரும் அந்தக் காலத்தில மன்னாருக்கு வந்து இருந்தவர். தமிழ் அச்சுக்கு முதல் ஆள் எங்கட கடலேரிக் காத்தைக் குடிச்சவர் எண்டு நினைக்க எனக்கு ஒரு புளுகம். (சின்னப் புளுகம்தான்.)

அதுக்குப் பிறகு அறுபது வருசம் யாழ்ப்பாணத்துக்கு மேல வைச்ச கண் இந்தக் கோட்டை. 1591ல புவிராச பண்டாரம் மன்னாரைப் பிடிக்கப் பாத்தார், சரிவரேல்ல. உடன புர்த்தாடோ எண்ட தளபதி யாழ்ப்பாணத்துக்கே போய் அவரைக் கொண்டுபோட்டு எதிர்மன்னசிங்கத்தை இருத்திவிட்டார். 1619ல ராச்சியமே போச்சு. பெரிய சண்டையெல்லாம் நல்லூரில. கணக்கும் காவலும் மன்னாரில.

திருக்கேதீஸ்வரக் கதையும் இதுக்குள்ள வருது. பறங்கியர் கோயிலை இடிச்சவை எண்டது எல்லாருக்கும் தெரிஞ்சது. அந்தக் கல்லெல்லாம் கோட்டைக்குப் போச்சு எண்டுதான் எங்கட பக்கம் கிழவர் கிழவியள் சொல்லுறது. நான் மதிலோட ஒட்டி நிண்டு பாத்தன். கண்ணுக்குப் படுறது முழுக்க முருகைக்கல். கிட்டப் போய்ப் பாத்தா கல்லுக்குள்ள சின்னச் சின்ன நட்சத்திரம் நட்சத்திரமா ஓட்டை, ஒரு காலத்தில உயிரோட இருந்த முருகை. கல்லுக்கு நடுவில சுண்ணாம்பு. நகத்தால சுரண்டினா உள்ள வேகாத சிப்பித் துண்டு ஒண்டு மினுங்குது. கடலைத் தோண்டிக் கடலுக்குக் காவல் கட்டியிருக்கிறாங்கள். கோயில் கல் அத்திவாரத்துக்குள்ள கிடக்கலாம். கதை பொய்யெண்டு சொல்ல எனக்கு வாய் வராது.

1658 மாசி மாசம் ஒல்லாந்தர் வந்தவை. றைக்லோவ் வன் கூன்ஸ் எண்டவர் தலைமை. யாழ்ப்பாணக் கோட்டை மூண்டு மாசத்துக்கு மேல தாக்குப் பிடிச்சது. எங்கட மன்னார்? கதைக்காமல் விடுவம். பறங்கியர் அங்கால ஓட, ஒல்லாந்தர் இங்கால புகுந்திட்டினம். இப்ப நாங்கள் பாக்கிற நாலு மூலைக் கொத்தளமும், சுத்தி அகழியும் அவை 1696ல திருத்திக் கட்டின கோலம்.

ஒல்லாந்தர் வந்த கையோட கத்தோலிக்கருக்குக் கெடுபிடி. 1670ல மாந்தைச் சனம் கொஞ்சம் மாதா சுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள்ள ஓடினதுதான் இண்டைய மடு. வருசா வருசம் ஆவணியில நாங்கள் சட்டி பானை கட்டிக்கொண்டு மடுவுக்குப் போறமே, அதுக்கும் இந்தக் கோட்டைக்கும் தொடர்பு இருக்கு.

நொக்ஸ் கதையும் சொல்லோணும். றொபேர்ட் நொக்ஸ். 1660ல கொட்டியாரத்தில கண்டி ராசாவின்ர ஆக்களிட்ட அகப்பட்டு, பத்தொன்பது வருசம் மலைநாட்டில மறிபட்டுக் கிடந்தவர். 1679ல ஒரு கூட்டாளியோட அருவி ஆத்தைப் பிடிச்சு, காட்டுக்குள்ளால இறங்கி இறங்கி, ஐப்பசி மாசம் வந்து சேர்ந்த இடம் அரிப்புக் கோட்டை. அங்க இருந்து மன்னாருக்கு. 1681ல புத்தகம் வந்தது. ரொபின்சன் குரூசோ எழுதின டீபோ அதை வாசிச்சவர். பைரன் எழுதினதால ஷியோனுக்கு லட்சக்கணக்கில சனம் போகுது. நொக்ஸ் எழுதின புத்தகத்தில எங்கட அரிப்பும் மன்னாரும் இருக்கு, எங்கட சனத்துக்கே தெரியாது. அண்ணைக்குச் சொன்னன். "அப்பிடியே?" எண்டு கேட்டிட்டுப் போனை நோண்டினார்.

1795 ஐப்பசி 5, கோட்டை வெள்ளைக்காரன் கைக்குப் போச்சு. அதுக்கு மேல அதைப் பற்றிச் சொல்ல ஒண்டுமில்ல.

இனித்தான் முக்கியமான விசயம். ராசா இல்லையெண்டா இவ்வளவு நாள் அதைக் காவல் காத்தது என்னத்துக்கு?

முத்து. சங்கு. சாயவேர்.

சங்கு வங்காளத்துக்குப் போகும், அங்க பெண்டுகளுக்கு வளையல் அறுக்க. சாயவேர் சீலைக்குச் சிவப்புப் போட. மன்னார்ச் சாயவேருக்கு நல்ல பேர். வேர் கிண்டுறதுக்கெண்டே ஆக்கள், அவையிட்டயும் வரிதான். ஆனா முத்துக்கு முன்னால இதெல்லாம் சில்லறை.

முத்துக் குளிப்பு எண்டா சினிமாவில காட்டுற மாதிரி ஒருத்தன் பாஞ்சு ஒரு சிப்பியோட சிரிச்சுக்கொண்டு வாறதில்ல. மாசி பங்குனியில கடல் பால் மாதிரிக் கிடக்கேக்குள்ள, அரிப்பு, சிலாபத்துறை, மரிச்சுக்கட்டிப் பக்கம் ஒண்டுமில்லாத மணலில ஒரு பட்டினமே எழும்பும். கிடுகுக் கொட்டில், கடை, கச்சேரி, ஆசுப்பத்திரி, மறியல்கூடு. கீழக்கரையில இருந்து, தூத்துக்குடியில இருந்து, யாழ்ப்பாணத்தில இருந்து, அரபு நாட்டில இருந்து பத்தாயிரக் கணக்கில சனம். நடுச்சாமத்தில வெடி ஒண்டு போடுவான். தோணியெல்லாம் கரைக்காத்தோட வெளிக்கிடும்.

குளிகாரர் சோடி சோடியா. ஒருத்தர் கல்லில காலை வைச்சு, மூக்கைப் பொத்தி, சர்ரெண்டு அடிக்குப் போவார். ஒரு நிமிசம் அளவில தம். கைக்கு அகப்பட்டதெல்லாம் கூடைக்குள்ள. கயிறை ஒரு இழுப்பு. மேல நிக்கிறவன் தூக்குவான். அவர் இளைப்பாற மற்றவர் இறங்குவார். சுறா அண்டாமல் மந்திரிக்கக் கடல்கட்டி எண்டு ஒரு ஆள். அந்தாளுக்குச் சம்பளம் அரசாங்கம்! இங்கிலீசுத் துரை மேல கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு கடல்கட்டிக்குச் சம்பளம் எழுதியிருக்கிறான். அவர் மந்திரிக்காட்டி ஒருத்தனும் தண்ணியில இறங்கான் எண்டு துரைக்குத் தெரியும்.

பின்னேரம் தோணி திரும்ப, சிப்பியக் கொட்டில குவிச்சுப் பங்கு பிரிப்பு. பிந்தின காலத்துக் கணக்குப்படி மூண்டில ரெண்டு அரசாங்கத்துக்கு. உயிரைக் கொண்டு போய்க் கடலுக்கடியில வைச்சவனுக்கு மூண்டில ஒண்டு. அரசாங்கம் தன்ர பங்கை ஆயிரம் ஆயிரமா ஏலம் விடும். உள்ள முத்து இருக்கோ இல்லையோ ஆருக்கும் தெரியாது. லொத்தர்தான்!

வாங்கினவன் சிப்பிய உடைக்கிறதில்ல. அழுகவிடுறது. ஒரு கிழமை, பத்து நாள். ஈ மொய்ச்சு, புழு வைச்சு, சதையெல்லாம் கரைஞ்சு போன பிறகு கழுவி, அலசி, கடைசி மண்டிக்குள்ள கையை விட்டுத் தடவுறது. அந்த மணம் கடலில மைல் கணக்குக்கு அடிக்குமாம். நான் கருவாட்டு வாடிக்குப் பக்கத்தில வளந்தவன், எனக்கே நினைக்க வயித்தைப் பிரட்டுது. அதுக்குப் பிறகு பித்தளை அரிதட்டில அரிச்சு, ஆணி, அணாதாரி, குறுவல், தூள் எண்டு தரம் பிரிச்சு, வெள்ளைத் துணியில போட்டுக் கூட்டித் துடைச்சு... ராணிமாரின்ர கழுத்துக்குப் போறது அதுதான்.

முதல் இங்கிலீசுக் கவனர் பிரெடெரிக் நோர்த் இந்த வருமானத்தைக் கண்டு வாயைப் பிளந்திட்டார். குளிப்பைக் கிட்ட நிண்டு பாக்கவெண்டு 1801க்கும் 1804க்கும் இடையில அரிப்பில, கடலோரத் திட்டியில, கிரேக்கக் கோயில் மாதிரித் தூண் வைச்சு மாளிகை கட்டினார். டொரிக் எண்டு பேர். காத்து எப்பிடி அடிச்சாலும் கவனருக்கு மணம் பிடிக்கத்தான் செய்திருக்கும், அது ஒரு சந்தோசம் எனக்கு.

எங்கட ஆக்கள் அந்த டொரிக்கை என்னெண்டு சொல்லுறவை தெரியுமோ? அல்லிராணிக் கோட்டை! அர்ச்சுனனைக் கட்டின அல்லி. அல்லி அரசாணி மாலை வாசிச்ச ஆச்சிமார் வாய்வழியா வந்த பேராக்கும். நல்ல பேர்தான், கேட்க ஆசையாயும் கிடக்கு. ஆனா எனக்கு எரிச்சல் வாறதும் அதிலதான். இருநூறு சொச்சம் வருசத்துக்கு முந்தி ஒரு வெள்ளைக்காரக் கவனர் கட்டினதுக்கு பாரதக் கதைப்பாட்டில இருந்து ஒரு ராணியப் பிடிச்சு இருத்தத் தெரியுது. அதே கரையில காதால ரத்தம் வடிய வடிய குளிச்ச மனிசருக்கு ஒரு பலகைகூட நட ஆளில்ல. ராசாவோ ராணியோ இருந்தாத்தான் கோட்டையெண்டு ஆர் எங்களுக்குச் சொல்லித் தந்தது?

1905ல எட்டுக் கோடிக்கு மேல சிப்பி எடுத்தவை, ஒரே வருசத்தில. அரசாங்கத்துக்கு 25 லட்சம் ரூபா அளவில வருமானம். ஆசை விடுமோ? 1906ல ஒரு கம்பனிக்கு இருபது வருசக் குத்தகை, வருசம் 3,10,000 ரூபா. அடுத்த வருசத்தோட சிப்பி இல்ல. 1912ல கம்பனி மூடுவிழா. கடல் கையை விரிச்சிட்டுது.

முத்துப் போக, கோட்டைக்கும் வேலையில்லாமல் போச்சு. சண்டைக் காலத்தில கோட்டைப் பக்கம் போய் நிண்டு ஆறுதலாப் பாக்கிற கதையே இல்ல. 1990ல பழைய பாலம் உடைஞ்சது. புதுப் பாலம் ஜப்பான் உதவியில 2010ல திறந்தவை. 2018ல மன்னார் ரவுண் வாசலில சதொச கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டேக்குள்ள எலும்புக்கூடுகள் வந்தது, 300க்கு மேல. அமெரிக்க ஆய்வுகூடம் 15ம், 16ம், 17ம் நூற்றாண்டுக் கணக்குச் சொன்னது. அந்தக் கணக்குப்படி பாத்தா இந்தக் கோட்டை எழும்பின காலமும் அதுக்குள்ள வருது. காணாமல் போன பிள்ளையளைத் தேடுற தாய்மார் அந்தக் கணக்கை ஏற்கேல்ல. இதைப் பகிடிக்கு நடுவில எழுத எனக்கு மனமில்ல. ஆனா இதை விட்டிட்டு மன்னார் வரலாறு எழுதவும் ஏலாது.

உள்ள என்ன இருக்கு எண்டு கேக்கிறியளோ? ஆரவாரமா ஒண்டுமில்ல. கூரை போன தேவாலயம் ஒண்டு, வளைவு வாசல்கள், சுவருக்குள்ள வேர் விட்ட மரம், புல்லு, புல்லு மேயிற கழுதை. கொத்தளத்தில ஏறி நிண்டா ஒரு பக்கம் ஒடுக்கம், ஒரு பக்கம் பாலம், ஒரு பக்கம் ரவுண். வள்ளம் போறது தெளிவாத் தெரியும். வரி வாங்க இதைவிட நல்ல கதிரை இந்தக் கரையில இல்ல.

அந்தப் பிள்ளையப் பிறகு கூட்டிக்கொண்டு போனன். அண்ணை வரேல்ல, வெயிலாம். கொத்தளத்தில ஏத்தி விட்டு, முத்துத் தோணி, வரி, கடல்கட்டி எல்லாம் சொன்னன். கடல்கட்டியத்தான் பிடிச்சுக்கொண்டாள். "அவருக்கு உண்மையா மந்திரம் தெரியுமா?" எண்டு ஒரே கேள்வி. தெரியும் எண்டுதான் சொன்னன். சம்பளம் எடுத்தவரெல்லே.

இனி உங்களுக்கு. மன்னாருக்கு வாற ஆக்கள் பெருக்க மரத்துக்கு முன்னால நிண்டு படம் எடுத்திட்டுத் தலைமன்னாருக்கு ஓடாதேங்கோ. கோட்டைக்கு ஒரு மணித்தியாலம் போதும். காலம்பற போங்கோ, உள்ள நிழலில்ல, தண்ணிப் போத்தல் கொண்டு போங்கோ, கொண்டு போன போத்தலைத் திருப்பிக் கொண்டு வாங்கோ. அரிப்புக்குப் போறதெண்டா சுணங்காதேங்கோ. டொரிக்கைக் கடல் அரிச்சு அரிச்சுப் பாதி விழுந்திட்டுது. ஒவ்வொரு சோழகத்துக்கும் கரை உள்ள வருது, நிக்கிற மிச்சம் எத்தினை வருசமோ. மேல மட்டும் ஏறாதேங்கோ, செங்கல் கழண்டு விழும். உங்கட வீட்டுப் பழைய அல்பங்களில 1990க்கு முந்தின கோட்டைப் படமோ டொரிக் படமோ கிடந்தா, பின்னால வருசத்தை எழுதி ஒரு பிரதி எனக்கு அனுப்பிவிடுங்கோ. முத்துக் குளிச்ச ஆக்களின்ர பேரப்பிள்ளையள் ஆரும் இதை வாசிச்சா, கட்டாயம் எழுதுங்கோ, நான் வீடு தேடி வாறன்.